பேய்த்தேர்

மோட்டார் வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்த விஷயங்கள் இரண்டு. ஒன்று, அதில் ஏறி உட்கார வேண்டும். இரண்டு, இடம் வந்ததும் இறங்க வேண்டும். நடுவில் நடப்பதெல்லாம் டிரைவருக்கும் பகவானுக்கும் உள்ள விவகாரம் என்பது என் அபிப்பிராயம். எழுபத்துமூன்று வயது வரையில் இதை மாற்றிக்கொள்ள அவசியம் ஏற்படவில்லை. அப்பேர்ப்பட்ட நான் ஒரு ஜூன் மாதத்தில், கூரையில்லாத 1932-ஆம் வருஷத்து ஃபோர்டு வண்டியில், பாலைவனத்தின் ஊடே நானூறு மைலுக்குக் கொஞ்சம் குறைவான தூரம் பிரயாணம் செய்தேன். என் மனைவிக்கே இதில் இன்னும் முழு நம்பிக்கை ஏற்படவில்லை. வாசகர்களைக் கட்டாயப்படுத்த நான் யார்?

என் பெண் இருப்பது அரிஜோனா ராஜ்யத்தில், ஃபீனிக்ஸ் பட்டணத்தை ஒட்டிய சாண்ட்லர் என்னும் ஊரில். வெயில் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. கத்திரி வெயிலில் வேலூரில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவன் உலகத்தில் எந்த வெயிலுக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்று நானும் நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். இறங்கிய அன்றே அந்தக் கர்வம் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் அகப்பட்ட கைக்குட்டை மாதிரி ஆகிவிட்டது. 2023-ஆம் வருஷம் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள், ஒரு நாள் விடாமல், 110 டிகிரிக்குக் குறையாத வெயில் அடித்தது. பகலில் தெருவிலே மனித சஞ்சாரம் இராது. விடியற்காலை நாலரை மணிக்கு உலாவப் போனால் உண்டு. இல்லாவிட்டால் அன்றைக்கு உலாவல் இல்லை.

அந்த நாலரை மணிக்கு எங்கள் தெருவில் விழித்திருந்தவர்கள் இரண்டே பேர். நான் ஒருவன். இன்னொருவர், நாலு வீடு தள்ளி, கார் ஷெட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்த ஒரு கிழவர். முதலில் எனக்கு அறிமுகமானவை அவருடைய கால்கள். மற்றப் பாகம் வண்டிக்கு அடியில் இருந்தது. மூன்றாம் நாள் முழு மனிதரும் வெளியே வந்து கை குலுக்கினார். என் கை இரண்டு நாள் வரை எண்ணெய் வாசனை அடித்தது.

வண்டியைப் பார்த்தேன். இறகு பிடுங்கிய கோழி மாதிரி இருந்தது. மட்கார்டு கிடையாது. கூரை கிடையாது. எஞ்சினுக்கு மேல் மூடியும் கிடையாது. "பாக்கியை எப்போது பூட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். பூட்ட வேண்டியது ஒன்றும் இல்லையாம். கழற்றுவதற்குத்தான் இவ்வளவு பாடும். இதற்குப் பெயர் 'ஹாட் ராட்'. வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி, "சூட்டுக்கோலா? பெயர் பொருத்தமாய்த்தான் இருக்கிறது" என்றாள்.

சூட்டுக்கோலின் சரித்திரம் சுவாரஸ்யமானது. 1932-இல் ஹென்றி ஃபோர்டு எட்டு சிலிண்டர் எஞ்சின் வைத்த வண்டியைச் சாமானியர்களும் வாங்கும் விலையில் விற்க ஆரம்பித்தார். 65 குதிரைச் சக்தி. அந்தக் காலத்தில் எட்டு சிலிண்டர் என்பது பணக்காரர்களின் சொத்து. சில வருஷங்களில் அந்த வண்டிகள் பழசாகி, கையில் காசில்லாத கலிபோர்னியாப் பையன்களிடம் வந்து சேர்ந்தன. பையன்கள் என்ன செய்வார்கள்? வேகத்துக்கு உதவாததை எல்லாம் கழற்றி எறிந்தார்கள். ஊரில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். ஆகவே மலைக்கு அப்பால், மொஹாவி பாலைவனத்தில் இருக்கும் வறண்ட ஏரிகளுக்குப் போனார்கள். நூறு மைல் ஓட்டிக்கொண்டு போய், ஒரு நிமிஷம் வேகமாக ஓட்டிவிட்டு, மறுபடி நூறு மைல் திரும்பி வருவது! 1937-இல் இதற்கென்று ஒரு சங்கமே ஏற்பட்டது: ஸதர்ன் கலிபோர்னியா டைமிங் அஸோஸியேஷன். அவர்கள் ஓட்டிக்கொண்டிருந்த முரோக் என்ற ஏரி பிற்பாடு விமானப் படையின் கைக்குப் போய்விட்டது. இன்றைக்கு அது எட்வர்ட்ஸ் விமானப் படைத் தளம். பையன்கள் பக்கத்தில் இருந்த எல் மிராஜ் ஏரிக்கு நகர்ந்தார்கள். இன்னமும் அங்கேதான் ஓட்டுகிறார்கள். 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்ஸன் என்ற இளைஞர் இதற்காகவே 'ஹாட் ராட்' என்று ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். விலை 25 சென்ட். அது பிய்த்துக்கொண்டு போயிற்று. இலக்கியப் பத்திரிகை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்ட நம் ஊர் ஸ்நேகிதர்களை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

கிழவருக்கு வயது எண்பத்தொன்று. கலிபோர்னியாக்காரர், வீட்டு விலை குறைவு என்பதற்காக அரிஜோனாவுக்குக் குடிவந்தவர். கூட்டாளிகள் எல்லாரும் அங்கேயே இருந்துவிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது எல் மிராஜுக்குப் போய்விடுவது என்பது அவருடைய வைராக்கியம். டிரக்கில் ஏற்றிக்கொண்டு போகமாட்டார். வண்டியை ஓட்டிக்கொண்டுதான் போவார். பக்கத்து ஸீட்டில் மனைவி உட்கார்ந்து வருவாளாம். அவள் போய் நாலு வருஷமாயிற்று. "நீங்கள் வருகிறீர்களா?" என்று கேட்டார்.

நான் ஏன் சரி என்றேன் என்பது எனக்கே அப்போது விளங்கவில்லை.

வீட்டில் பிரளயம். "அப்பா, அந்த வண்டியில் ஏ.ஸி. கிடையாது, தெரியுமா?" என்றாள் பெண். "கூரையே கிடையாது" என்றேன். மாப்பிள்ளை மரியாதை தெரிந்தவர். ஒன்றும் சொல்லாமல், உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலங்கள் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு வந்து கையில் கொடுத்தார்.

சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். அந்நேரத்திலும் காற்று அடுப்பங்கரைக் காற்றாய் இருந்தது. வண்டியின் முன்பக்கத்தில் கித்தான் தண்ணீர்ப் பை ஒன்றைக் கிழவர் தொங்கவிட்டிருந்தார். சிறு வயதில் நம் ஊர் லாரிகளில் பார்த்த அதே பை. கித்தான் கசியும், கசிந்த நீரைக் காற்று உலர்த்தும், உள்ளே இருப்பது ஜில்லென்று ஆகும். மண்பானைக்குத் தெரிந்த ரகசியந்தான். சத்தத்தில் பேச முடியவில்லை. தலைக்கு மேலே நட்சத்திரங்கள் இருந்தன. எத்தனையோ கதைகளில் 'நட்சத்திரங்கள் கண் சிமிட்டின' என்று எழுதிக் காசு வாங்கியிருக்கிறேன். மணிக்கு 55 மைல் வேகத்தில் அண்ணாந்து பார்த்த பிறகு, அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. கொலராடோ நதியைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் விடிந்துகொண்டிருந்தது. நீர்ப்பரப்பிலிருந்து ஒரு குளிர்ந்த மூச்சு வந்து முகத்தில் பட்டது. பாலம் முடிந்ததும் அதுவும் முடிந்தது. மூடிய காரில் போகிறவர்களுக்கு அங்கே நதி இருப்பதே தெரிந்திருக்காது.

சிரியாக்கோ ஸம்மிட் என்ற இடத்தில் காப்பி. 1942-இல் ஜெனரல் பேட்டன் வட ஆப்பிரிக்க யுத்தத்துக்காகத் தம் டாங்கிப் படையைப் பழக்கியது இந்த வெயிலில்தான். அவர் பெயரால் அங்கே ஒரு மியூஸியம் இருக்கிறது. வாசலிலே பழைய டாங்கிகளை நிறுத்தியிருக்கிறார்கள். யுத்தத்துக்காக மனிதன் வெயில் காய்வதை யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்வதில்லை.

அதற்கப்புறம் இண்டியோ ஊரில் பெட்ரோல் போட நின்றோம். கால் மணி நேரந்தான். மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் இருமிற்று, அடங்கிப் போயிற்று. எஞ்சின் நின்றதும் சூடு மேலே ஏறி, குழாயில் இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். பம்பு வெறும் ஆவியை இழுத்துக்கொண்டு தவிக்கும். கிழவர் பரபரக்கவில்லை. ஒரு பழைய துணியைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, பெட்ரோல் பம்பின் மேல் சுற்றினார். சுற்றிவிட்டு, குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்ட தாயார் மாதிரி பக்கத்தில் நின்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று, நான் ஏன் வந்தேன் என்று. அந்த ஈரத்துணியை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஒரு தம்பி. கும்பகோணத்தில் குமாஸ்தா வேலை. 1976-இல், சென்னையில் தயாரான பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றைத் திருச்சியில் வாங்கிக்கொண்டு வந்தான். அந்த வண்டிக்குக் கூரையை போல்ட்டுப் போட்டு முடுக்கியிருக்கும். வந்த அன்றே அவன் கூரையைக் கழற்றி மாட்டுக் கொட்டகையில் சாத்தினான். பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஏதாவது ஒன்றைப் பிரிப்பான். ஏதாவது ஒன்றைப் பூட்டுவான். எங்கிருந்தோ இன்னொரு கார்புரேட்டர் சம்பாதித்தான். சித்திரை மாதத்து வெயிலில் அம்மாவை அதில் உட்கார்த்தி வைத்து, தஞ்சாவூர் ரோட்டில் ஒரு புளிய மரத்தடியில் நின்றுபோய், பம்புக்கு ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தான். நான் பஸ்ஸில் அந்தப் பக்கமாகப் போனேன். பார்த்தேன். பார்க்காதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் அந்த நாளில் மோட்டார் பந்தயம் நடக்கும். கும்பகோணத்திலிருந்து அவ்வளவு தூரம் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவான். "அண்ணே, ஒரு தடவை நீங்களும் வாங்களேன்" என்று மூன்று வருஷம் கூப்பிட்டான். தொடர்கதைக்கு அத்தியாயம் அனுப்ப வேண்டும் என்று மூன்று வருஷமும் சொன்னேன்.

ஈரத்துணி வேலை செய்தது. புறப்பட்டோம். மணி பத்தரைக்குக் காஹோன் கணவாயின் ஏற்றத்தில் வந்தது அடுத்த சோதனை. இந்தப் பழைய ஃபோர்டு எஞ்சினின் அமைப்பு அப்படி. எரிந்த புகை நேராக வெளியே போவதில்லை. எஞ்சினுக்குள்ளேயே, தண்ணீர் சூழ்ந்த வழியாக வளைந்து வெளியே வருகிறது. நம் வீட்டு வெந்நீர் பாய்லரில், நடுவில் தணல் குழாயும் சுற்றிலும் தண்ணீருமாக இருக்குமே, அதே ஏற்பாடு. பாய்லருக்கு அது பொருத்தம். காருக்கு அவ்வளவு பொருத்தமில்லை. சமவெளியில் எப்படியோ சமாளிக்கும்; வெயிலில் மலை ஏறச் சொன்னால் கொதித்துவிடும். முள் சிவப்பைத் தொட்டதும் கிழவர் பெரிய சாலையை விட்டு, பழைய 66-ஆம் நம்பர் சாலையின் மிச்சத்தில் வண்டியைத் திருப்பி ஓரமாக நிறுத்தினார். ரேடியேட்டர் மூடியை நான் தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டார். பிறகு பின்னாலிருந்து இரண்டு மடக்கு நாற்காலியும் ஒரு குடையும் எடுத்தார்.

நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். இதற்கென்று குடையும் நாற்காலியும் கொண்டுவந்திருக்கிறார் என்பதைக் கவனித்தேன். வழியில் போன கார்கள் மூன்று நின்றன. உதவி வேண்டுமா என்று மூன்று பேரும் கேட்டார்கள். வேண்டாம் என்ற பிறகும் அவர்கள் போகவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருவருக்கு அவருடைய மாமா ஞாபகம் வந்துவிட்டது. "வழியில் நிற்காமல் போய்ச் சேர்ந்த வருஷங்களில் ஒருவரோடும் பேசியதில்லை" என்றார் கிழவர்.

அந்தக் குடை நிழலில் நான் தம்பியின் கதையைச் சொன்னேன். ஹெரால்டைத் தெரிந்து வைத்திருந்தார். கூரையைக் கழற்றிவிட்டான் என்றதும் தொடையைத் தட்டிக்கொண்டார். எத்தனை கார்புரேட்டர், என்ன கார்புரேட்டர் என்றெல்லாம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கடைசியில், "அந்த வண்டி இப்போது எங்கே?" என்றார்.

1979-இல் தங்கை கல்யாணம் வந்தது. தம்பியைக் கூப்பிட்டு, வண்டியை விற்றுவிடு என்று சொன்னேன். மூத்தவன் சொன்னால் அவன் தட்டமாட்டான். 5,500 ரூபாய்க்கு விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்புறம் அவன் ஸ்பானரைத் தொட்டு யாரும் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு அந்தப் பணம் இல்லாமலும் முடிந்திருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். எழுத்தாளருடைய தம்பி கூரையில்லாத காரில் ஊர் சிரிக்கப் போகிறான் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இதை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. பாஷை தெரியாத ஊரில், எண்ணெய்க் கையோடு இருந்த ஒரு கிழவரிடம் சொன்னேன்.

அவர் ஆறுதல் ஒன்றும் கூறவில்லை. எழுந்து போய்த் துணியால் மூடியைப் பிடித்து மெல்லத் திருகி, ஆவியை விட்டு, பையிலிருந்த தண்ணீரை ஊற்றினார். "ஏறிக்கொள்ளுங்கள்" என்றார்.

விக்டர்வில் ஊரில் இரவு தங்கி, ஞாயிறு விடியும்போது எல் மிராஜை அடைந்தோம். ஏரி என்று பெயர், தண்ணீர் கிடையாது. மாரியில் கொஞ்சம் நீர் பரவும். அது காய்ந்தால் தரை சாணம் போட்டு மெழுகிய முற்றம் மாதிரி மட்டமாகிவிடும். இதன் மேலே 1.3 மைல் தூரம் ஓட வேண்டும். ஒரு சமயத்தில் ஒரே வண்டி. எதிராளி கிடையாது, கடிகாரந்தான் எதிராளி. பணப் பரிசும் கிடையாது. யுத்தத்துக்குப் பிறகு, 1946-இல், பில் பர்க் என்பவர் போர் விமானத்தின் வயிற்றில் தொங்கும் பெட்ரோல் டாங்கி ஒன்றை வாங்கி, அதற்குள் எஞ்சினை வைத்து ஓட்டிக் காட்டினார். அந்த வம்சத்து வண்டிகள் இப்போதும் வருகின்றன: சக்கரம் முளைத்த பூசணிக்காய்கள்.

கிழவரின் கூட்டாளி ஒருவர் அப்படி ஒரு பூசணிக்காய் வைத்திருந்தார். நெருப்புப் பிடிக்காத கனத்த உடுப்பைக் கழுத்து வரை மாட்டிக்கொண்டு, நூறு டிகிரியைத் தாண்டிய வெயிலில், குடையின் கீழே மூன்று மணி நேரம் வரிசையில் காத்திருந்தார். முறை வந்தது. ஒரு டிரக் பின்னாலிருந்து தள்ளிவிட்டது. போனார். பாதி தூரத்தில் எஞ்சின் தத்திற்று. ஒரு வருஷத்து வேலை ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. திரும்பி வந்து தலைக் கவசத்தைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வையும் புழுதியும். "செப்டம்பரில் வெயில் குறைந்துவிடும்" என்றார். உடனே நாலு பேர் குனிந்து எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். நாவல் திரும்பி வந்தபோது நான் ஒரு மாதம் யாரோடும் பேசாமல் இருந்தது நினைவுக்கு வந்தது.

மத்தியானத்தில் கானல் எழுந்தது. மிராஜ் என்றால் கானல்தானே! ஏரி முழுவதும் தண்ணீர் நிரம்பி அலையடிப்பதுபோல் ஆகிவிட்டது. தூரத்தில் கிளம்பும் வண்டி முதலில் தெரிவதில்லை. நீரின் மேலே சக்கரமில்லாத ஏதோ ஒன்று மிதந்து வரும், நடுங்கும், இரண்டாகப் பிரியும், ஒன்றாகும். பிறகு இரைச்சலோடு புழுதி கிளப்பிக்கொண்டு நம்மைத் தாண்டிவிடும். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் நிகண்டுச் சொற்களை மனப்பாடம் செய்ய வைப்பார். கானலுக்குப் பேய்த்தேர் என்று ஒரு பெயர் சொன்னார். தண்ணீர் மாதிரி இருப்பதற்குத் தேர் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று நான் கேட்டு, பெஞ்சின் மேல் நின்றேன். அறுபது வருஷத்துக்கு மேல் கழித்து, பதில் மணிக்கு நூற்றைம்பது மைல் வேகத்தில் என் முன்னால் போயிற்று.

சாயங்காலம் விக்டர்வில்லுக்குத் திரும்பியதும் தம்பிக்குப் போன் செய்தேன். ஊரில் திங்கட்கிழமை காலை ஏழரை மணி. "உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்றான். நான் காலை நேரத்தில் கூப்பிட்டால் அவனுக்கு அந்தப் பயந்தான். இல்லை என்றேன். எங்கே இருக்கிறேன், எதில் வந்தேன் என்பதைச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சு இல்லை. லயன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். வண்டியை விற்கச் சொன்னது தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அண்ணே" என்றான். "முப்பத்திரண்டாம் வருஷத்து எஞ்சினா? அது மலையிலே கொதிக்குமே! ரேடியேட்டர் பழசா, புதுசா போட்டிருக்காரா?"

தெரியாது என்றேன்.

"பக்கத்திலே இருக்காரா? கேட்டுச் சொல்லுங்க. நான் லயன்லேயே இருக்கேன்."

கிழவர் வெளியே வண்டிக்கு அடியில் இருந்தார். போனைக் குனிந்து அவர் காதண்டை கொண்டுபோய் வைத்தேன்.